மூன்று விரல் படத்தின் முழுக்கதை

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நேற்று மத்தியானம் நீ சாப்பிடவில்லை என்பது எனக்கு டிவியிலேயே தெரிந்துவிட்டது. பசி வந்தால் உனக்குக் காது மடல் சிவந்துபோகும். மூன்று வயதிலிருந்தே அப்படித்தான். நாடாளுமன்றத்தில் அமைச்சரைப் பார்த்து நீ கேள்வி கேட்டபோது நம் வீட்டுக் கூடத்தில் இருந்த பதினேழு பேரும் உன் வாயைப் பார்த்தார்கள், நான் காதைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய சபையில் நின்றாலும் பெற்றவளுக்கு அதுதான் கண்ணில் படும், அதற்கு நான் என்ன செய்ய.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லும் வேகத்திலேயே பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்துவிடுகிறது. நேற்றுக் காலை உனக்கு அனுப்பிய குரல் செய்தியில்கூடப் பாதிதான் சொன்னேன். பக்கத்தில் உன் மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு வராத பாதியை அப்படியே விழுங்கிவிட்டேன். அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். மேடையில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் இருபது நிமிடம் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். கடிதத்தில் மணி அடித்து உட்காரச் சொல்ல ஆளே இல்லை. ஆகையால் பொறுமையாகப் படி.

கல்யாணம் முடிந்து இன்றோடு பதினோரு நாள். வாசலில் கட்டிய வாழை மரங்களை உன் அப்பா இன்னும் அவிழ்க்க விடவில்லை. அவை காய்ந்து சருகாகித் தெருவே கேலி செய்கிறது, அவர் அசைவதாக இல்லை. லட்டு தீர்ந்துவிட்டது, முறுக்கு ஒரு டின் பாக்கி. ஐந்தாம் நாளே நீ டெல்லிக்கு ஓடிவிட்டதால் மறுவீட்டு விருந்து அந்தரத்தில் நிற்கிறது. அங்கே உனக்குக் கொடுத்த வீட்டில் தண்ணீர்க் குழாய் சரியாகும்வரை பவித்ரா எங்களோடுதான் இருக்கிறாள். இந்தப் பத்து நாளில் அவள் என் சமையலில் நான்கு குறை கண்டுபிடித்திருக்கிறாள், நான்கும் சரியான குறைகள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் அவள் அப்பா சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தாரே, அன்று என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. ஆப்பிள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மழையைப் பற்றியே பேசினார். காபியைத் தொடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "பொண்ணுக்கு மெட்ராஸ்ல வேலை போயிடுச்சு சம்பந்தி. கம்பெனியில பாதி பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். மறைச்சிக் கல்யாணம் பண்ண மனசு வல்ல" என்றார். சொல்லிவிட்டு ஆப்பிள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் மூணு எலெக்‌ஷன்ல நின்னு ரெண்டுல தோத்தவ. வேலை போறது எங்க வீட்டுக்குப் புதுசு இல்ல. காபி ஆறுது, குடிங்க" என்றேன். சிரித்துவிட்டார். மந்தநிலை மந்தநிலை என்று நீ பேப்பர் பேப்பராகப் படித்துக் குறிப்பு எடுத்தாய். எனக்கு அது அந்த ஆப்பிள் பையைப் பிடித்திருந்த கையில் தெரிந்துவிட்டது.

கல்யாணத்தன்று தெற்கு வீதி மண்டபத்தில் உங்கள் நாடாளுமன்றக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார் அல்லவா. மாப்பிள்ளையை வாழ்த்த வந்தவர் மாப்பிள்ளையின் அம்மாவை வாழ்த்த ஆரம்பித்துவிட்டார். எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. நம் கூடத்தில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் செய்தித்தாள் படம். பேரூராட்சி அலுவலக வாசலில் நான் கண்ணை உருட்டிக்கொண்டு மூன்று விரலை ஆகாயத்தில் நீட்டி நிற்பேன். கீழே, 'மூன்று கோரிக்கைகளை வலியுறுத்திப் பெண் கவுன்சிலர் ஆவேச வெளிநடப்பு' என்று இருக்கும். நீ உன் தேர்தலில் ஊர் ஊராக அந்தக் கதையைச் சொன்னாய். தலைவர் ஒரு படி மேலே போய், அந்த மூன்று விரலும் உண்மை, உழைப்பு, உரிமை என்று பொருள் சொன்னார். ஆயிரம் பேர் கை தட்டினார்கள். நான் புதுப் பட்டுப்புடவையின் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடைக்கு எதிரில் முதல் வரிசையில் மீன்கார அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் கை தட்டவில்லை. வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அஞ்சலையை உனக்குத் தெரியும். நம் ஊர் மார்க்கெட்டில் முப்பது வருஷமாக மீன் விற்கிறவள். அவள் மகன் செல்வம் கடலூர் தொழிற்பேட்டையில் பதினோரு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன். போன தீபாவளிக்குப் பிறகு அவனையும் அவனோடு இருந்தவர்களையும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு கிலோ மீன் வாங்கினவர்கள் கால் கிலோ வாங்குகிறார்கள், அதற்கும் தலையைச் சேர்த்துப் போடச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார்கள் என்று அஞ்சலை அலுத்துக்கொள்வாள். செல்வம் தினமும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கம்பெனி வாசல் வரைக்கும் போய், கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான்.

அவனைப் போன்றவர்களுக்காகத்தான் நீ அந்தத் திருத்தத்தை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் சாயங்காலம் நீ போன் செய்தாய். வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதம் உதவித்தொகை தரும் மசோதா மறுநாள் வருகிறது, ஆனால் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்க்கவேண்டும் என்று நீ ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறாய் என்று விளக்கினாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா கட்சியில வெளிநடப்புன்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா. என் பேரக் கூப்பிடும்போது நான் உள்ள இல்லன்னா திருத்தம் தானா விழுந்துடும். இன்னாம்மா பண்றது?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? 'உன் மனசுக்குப் பட்டதச் செய்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். அடுப்பில் பால் பொங்குகிறது என்று வேறு சொன்னேன். அடுப்பில் பால் இல்லை.

ஏன் அப்படித் தப்பித்தேன் என்று இப்போது சொல்கிறேன். நான் கவுன்சிலராக இருந்தபோது பதினைந்து பேர் மன்றத்தில் எதிர்க்கட்சி நாங்கள் மூன்றே பேர். பெண்கள் வார்டு என்பதால் கட்சியில் உன் அப்பாவைக் கேட்டுக்கொண்டு என்னை நிறுத்தினார்கள். ஜெயித்த பிறகு யாரையும் கேட்காமல் நானே பேச ஆரம்பித்தேன். மார்க்கெட்டில் மீன்காரப் பெண்கள் வெயிலிலும் மழையிலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அவர்களுக்கு ஒரு கொட்டகையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வேண்டும் என்று நான் ஒரு தீர்மானம் எழுதிக்கொடுத்தேன். அதைக் கூட்டப் பொருளில் சேர்க்க வைக்கவே எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது. ஆளுங்கட்சிக் கவுன்சிலர்கள் வீடு வீடாகப் போய் அவர்கள் மனைவிமாரிடம் பேசினேன். புருஷன் கை தூக்காவிட்டால் வீட்டில் மீன் குழம்பு கிடையாது என்று ஆறு பேர் எனக்கு வாக்குக் கொடுத்தார்கள். ஆறும் எங்கள் மூன்றும் ஒன்பது. கணக்கு நேராக இருந்தது. பொருள் எண் ஒன்பதாக என் தீர்மானம் வந்தது. அதுவே நல்ல சகுனம் என்று எண்ணி மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது பொருளைப் பேசும்போது பேரூராட்சித் தலைவர் எங்கள் கட்சித் தலைவரின் பெயரைச் சொன்னார். பின்னால் 'அவர்கள்' என்று சேர்க்கவில்லை. அவ்வளவுதான். எங்களில் மூத்தவர் மேஜையைத் தட்டி எழுந்தார். இன்னொருவர் எழுந்தார். நான் அவர்கள் இருவரையும் முந்திக்கொண்டு எழுந்து, கையில் இருந்த அஜெண்டா காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தக் காகிதத்தில்தான் என் தீர்மானம் இருந்தது, தம்பி. கிழிக்கும்போது அது எனக்கு நினைவில் இல்லை. என் நடை மட்டும் நினைவில் இருந்தது. எவ்வளவு கம்பீரமாக நடக்கிறேன் என்று நானே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வாசலுக்கு வந்ததும் வெயில். எதிரில் டீக்கடை. நான் கையை உயர்த்தி, "மூணு டீ, ஒண்ணுல சக்கர கம்மி" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து நிருபர் ஒருவர் படம் எடுத்தார். உண்மை, உழைப்பு, உரிமை எல்லாம் பின்னால் வந்த விளக்கங்கள். அன்று அந்த மூன்று விரலும் மூன்று டீ. இவ்வளவும் குரல் செய்தியில் சொல்லிவிட்டேன். இதைக் கேட்டுத்தான் பவித்ரா வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சொல்லாமல் விட்டது இதுதான். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அஞ்சலை காலிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். அன்று சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டுத் தீர்மானம் ஆகிவிட்டதா என்று கேட்டுப்போக வந்திருக்கிறாள். என்னை வாசலில் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "முடிஞ்சிட்டுதா கவுன்சிலரம்மா?" என்றாள். நான் பெருமையாக, நாங்கள் வெளிநடப்புச் செய்துவிட்டோம் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். எதிர்ப்பைக் காட்ட எழுந்து வெளியே வந்துவிடுவது என்று விளக்கினேன். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப எங்களுக்காவ உள்ள யாரு இருக்கா?"

நான்காவதாக ஒரு டீ சொல்லி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் குடித்தாள். உள்ளே அந்த நேரத்தில்தான் பொருள் எண் ஒன்பதைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு எழுத்தர் சொன்னார். என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம். ஆறு பேர் கை தூக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்களாம். கொண்டுவந்த உறுப்பினர் மன்றத்தில் இல்லாததால் பொருள் கைவிடப்படுகிறது என்று எழுதி அடுத்ததற்குப் போய்விட்டார்கள். மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது. ஊரே பாராட்டியது. கொட்டகை வர அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஆனது, அதைக் கொண்டுவந்ததும் வேறு யாரோ. ஏழு வருஷ மழையையும் அஞ்சலை சாக்குக்கு அடியில்தான் கழித்தாள். ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. மீன் வாங்கப் போனால் எனக்கு மட்டும் ஒரு துண்டு கூடவே போடுவாள். அது என்னைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

உன் அப்பாவுக்கு இது முழுவதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் படத்தை ஃபிரேம் போட்டார். எனக்குத் தலைக்கனம் ஏறும்போதெல்லாம் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். நீங்கள் எல்லோரும் மனைவிமேல் எவ்வளவு பெருமை என்று நினைத்தீர்கள். எனக்குத்தான் தெரியும் அது என்ன துடைப்பு என்று.

சபையை விட்டு எழுந்துபோகிற அந்தப் புத்தி எனக்கு வீட்டிலும் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீ ஏழாம் வகுப்பில் மாணவர் தலைவர் தேர்தலில் தோற்றபோது நான் பள்ளிக்கூடத்துக்கே போய் மறுவாக்கு எண்ணிக்கை கேட்டேன். ஹெட்மாஸ்டர் பாவம், அவரே உட்கார்ந்து எண்ணினார். உனக்கு இரண்டு ஓட்டு குறைந்தது. நான் வகுப்பை விட்டு வெளிநடப்புச் செய்தேன், நீ மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டாய். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அப்புறம் அந்தத் தைப்பூசம். வடலூருக்கு எத்தனை மணி பஸ்ஸில் போவது என்று உன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு நான் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன். வந்து கெஞ்சுவார்கள் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து கீழே இறங்கினால், நீங்கள் இரண்டு பேரும் ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டிருந்தீர்கள். வீட்டில் பூனைதான் இருந்தது. பவித்ராவோடு உனக்குச் சண்டை வரும், வராமல் இருக்காது. அவளுக்கும் நாக்கு நீளம், அது எனக்குப் பிடித்த விஷயம். எவ்வளவு கோபம் வந்தாலும் அறையை விட்டு மட்டும் எழுந்து போகாதே. எழுந்து போனால் அன்று என்ன குழம்பு என்பதுகூட உன்னைக் கேட்காமல் முடிவாகிவிடும்.

நேற்றுக் காலை வெங்காயம் உரித்துக்கொண்டே பவித்ராவிடம் மூன்று டீ கதையைச் சொன்னேன். சிரித்து முடித்தவள் என்னையே பார்த்தாள். "அத்த, இத இன்னிக்கே அவருகிட்ட சொல்லணும். சபைக்குப் போறதுக்குள்ள" என்று அவளே போனை என் வாயருகே பிடித்தாள். நான் பேசினேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்த்து, "இன்னும் கேக்கல அத்த" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து மணிக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டுக்குக் கேட்கவில்லை. சபையில் மசோதாவை எடுக்கும்போது பார்த்தாள், அப்போதும் கேட்கவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். சொல்லவேண்டிய நேரத்தில் பால் பொங்குகிறது என்று சொன்னவளுக்கு இதுதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. அஞ்சலை செல்வத்தையும் இழுத்துக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாட்டில் மந்தநிலை என்று எதுவும் கிடையாது, தற்காலிகமான சிறு தேக்கம்தான் என்று அமைச்சர் சொன்னார். நீ எழுந்தாய். உனக்குக் கொடுத்தது நான்கு நிமிடம். "மந்தநிலை இல்லையென்றால், எங்கள் ஊர்த் தொழிற்பேட்டை வாசலில் தினமும் காலை ஆறு மணிக்கு நிற்கிறவர்கள் எல்லாம் வாக்கிங் வந்தவர்களா?" என்று தமிழில் கேட்டாய். அமைச்சர் மொழிபெயர்ப்புக் கருவியைத் தேடி மேஜையைத் தடவினார். உன் அப்பா விசிலடித்தார். அறுபத்தெட்டு வயதில் விசில். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான், அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று முதலில் நினைத்தேன்.

அமைச்சர் சொன்ன பதில் உங்கள் தலைவருக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுந்து கையை வீசினார். நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. உங்கள் வரிசை முழுவதும் எழுந்தது. நீயும் எழுந்தாய். கோஷம் போட்டுக்கொண்டே எல்லோரும் கதவை நோக்கி நடந்தார்கள், கூட்டத்தில் உன் வெள்ளைச் சட்டையும் போனது. உன் நடையைப் பார்த்தேன். என் நடை. பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலி நாற்காலிகளைக் காட்டினார்கள். மசோதாவின் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார்கள். நான்காவது பிரிவுக்கு ஒரு திருத்தம் இருக்கிறது என்று சொல்லி அவைத் தலைவர் உன் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். எனக்கு அந்த டீக்கடை நாற்றம் மூக்கில் ஏறியது.

அப்போது கதவுப் பக்கத்திலிருந்து நீ வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். நாடாளுமன்றத்தில் யாரும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வந்த அவசரத்தில் முன்வரிசையில் யாருடைய மைக்கையோ பிடித்தாய். உன் இடத்துக்குப் போய்ப் பேசு என்று அவைத் தலைவர் சொல்ல, சபையே சிரிக்க, நீ கடைசி வரிசை வரை ஏறிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு, "முன்மொழிகிறேன்" என்றாய். நம் வீட்டுக் கூடத்தில் பதினேழு பேர் போட்ட சத்தத்தில் பூனை ஓடிவிட்டது. ஆதரிப்பவர்கள் சொல்லலாம் என்றார்கள். 'ஆம்' என்று ஒரே ஒரு குரல். எதிர்ப்பவர்கள் என்றதும் 'இல்லை' என்று முழு சபையும் அதிர்ந்தது. திருத்தம் தோற்றது. தோற்ற பிறகும் நீ இன்னொரு தடவை 'ஆம்' என்றாய், பார், அங்கேதான் நான் அழுதுவிட்டேன். ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலையை விதிகள் எழுதும்போது கவனிப்பதாக அமைச்சர் சொன்னார். அமைச்சர் வாக்கை நம்பி நான் உலை வைக்கமாட்டேன். ஆனால் அவர் சொன்னது சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. இனி அவரை விடாதே. அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் படி.

சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் நீ என் செய்தியைக் கேட்டிருக்கிறாய். 'மூணு டீயாம்மா?' என்று ஒற்றை வரி அனுப்பினாய். அதைப் பார்த்துப் பவித்ரா, "அப்ப அவரு தானாத்தான் திரும்பி வந்திருக்காரு அத்த" என்றாள். எனக்கு அது உறைக்க ஒரு நிமிடம் ஆனது. நான் சொல்லி நீ வரவில்லை. என் அறிவுரை உனக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே நீ கதவிலிருந்து திரும்பியிருக்கிறாய். உன்னைப் பெற்று வளர்த்த இத்தனை வருஷத்தில் நான் தேவைப்படாமல் போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு உங்கள் தலைவர் எனக்குப் போன் செய்தார். என்னைக் கேட்காமல் திரும்பிப் போனான், கட்சிக் கட்டுப்பாடு என்று ஒன்று இல்லையா என்று கொதித்தார். முழுக்கக் கேட்டுவிட்டு நான் அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "ஏம்மா, கல்யாணத்துல உண்மை உழைப்பு உரிமைன்னு அவ்ளோ பேசுனேனே, அப்பவே சொல்லக் கூடாதா?" என்றார். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு உனக்குப் பேச வாய்ப்புத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பரவாயில்லை ஐயா, உட்கார்ந்திருப்பான் என்றேன். உட்கார்ந்திரு. அவரிடம் வாதம் பண்ணாதே, மன்னிப்பும் கேட்காதே. மத்தியானம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு, மறுவீட்டு விருந்துக்குச் சிதம்பரத்தில் எல்லாம் தயாராக இருக்கிறது, உன் மாமனார் இந்த முறை காபியை முதலிலேயே குடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

படத்தைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். பவித்ரா விடவில்லை. கீழே இருந்த செய்தித்தாள் வரியின்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, 'மூன்று டீ, ஒன்றில் சர்க்கரை கம்மி' என்று அழகாக எழுதி மறுபடியும் மாட்டிவிட்டாள். உன் அப்பா துணியைத் தேடுவதை நிறுத்திவிட்டார். இனி மேடையில் என் கதையைச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்லவேண்டும், சொல்லிவிட்டேன். அஞ்சலை பெயரையும் சேர்த்துச் சொல்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். உன் பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டு, நீ ஓடி வந்து, அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக நின்றாயே, அப்போது எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம். அஞ்சலை கத்தவில்லை. பக்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்த செல்வத்தின் தொடையில் தட்டி, டிவியைக் காட்டி, எனக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

"தோ பாருடா. உள்ள ஆளு இருக்கான்."

உன் அம்மா